ஹெடர் எங்கேப்பா இருக்கு?

சி நிரல்னா முதல் வரியே இன்க்ளூட்தான். சேர்க்கச் சொன்ன ஹெடர் கோப்பு வன்தட்டில் எங்க இருக்குன்னு கம்பைலருக்கு எப்படித் தெரியுது? இதுக்கு ஒரு நீளமான கதை உண்டு.

1972-73 வாக்கில் பெல் லேப்ஸில்தான் சி மொழிக்கு ப்ரீபிராசசர் வந்துச்சு. ஆலன் ஸ்னைடர் வற்புறுத்தினது ஒரு காரணம், பிசிபிஎல், பிஎல்/ஐ மொழிகளில் ஏற்கெனவே இந்த வசதி இருந்தது இன்னொரு காரணம்னு டென்னிஸ் ரிட்சியே பின்னாடி எழுதியிருக்கார். ஆரம்பத்தில் இது ஒட்டுச்சேர்க்கைதான். நிரலோட தொடக்கத்தில் ஒரு தனி அடையாளம் இருந்தாத்தான் ஓடவே செய்யும்!

1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் கையேட்டில் நமக்குப் பழக்கமான 'மைனஸ் ஐ' இருக்கு. முதல்ல நிரல் கோப்பு இருக்கிற டைரக்டரி, அப்புறம் மைனஸ் ஐ கொடுத்த டைரக்டரிகள், கடைசியா வழக்கமான பட்டியல். முதல்ல எது கிடைக்குதோ அதோட தேடல் முடிஞ்சுது.

வினையே இங்கதான். ஒரே பேரில் ரெண்டு ஹெடர், ஒண்ணு பழைய பதிப்பு, ஒண்ணு புதுசுன்னு வைங்க. பழசு இருக்கிற டைரக்டரி வரிசையில் முன்னாடி இருந்தா அதுதான் உள்ளே வரும். லிங்க் ஆகிறதோ புது லைப்ரரி. புதுப் பதிப்பில் ஸ்ட்ரக்சர் நடுவில் நாலு பைட் எண் ஒண்ணு கூடியிருந்தா, அதுக்குப் பின்னாடி உள்ளதெல்லாம் இடம் தள்ளிப் போயிருக்கும். லிங்கர் பேரை மட்டும்தான் ஒப்பிட்டுப் பார்க்கும், அதனால வாயே திறக்காது. ஒரு எச்சரிக்கைகூட இல்லாம கம்பைல் ஆகி, ஓடும்போது குப்பை மதிப்பு வரும். முன்னே நான் வேலை பார்த்த இடத்தில் இப்படி ஒண்ணைத் தேடியே மூணு நாள் போச்சு :-(

1976-ல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதின மேக், எதை எப்ப மறுபடி கம்பைல் பண்ணணும்னு பார்த்துக்கும். ஹெடர் பாதை நம்ம தலையெழுத்து.

2000-ல் தொடங்கின சிமேக்கில் இன்க்ளூட்_டைரக்டரீஸ்னு ஒரு கட்டளை. எழுதின டைரக்டரியிலும் அதுக்குக் கீழே சேர்க்கிற துணை டைரக்டரிகளிலும் உள்ள எல்லா இலக்குக்கும் அந்தப் பாதை ஒட்டிக்கும். வேணுமோ வேண்டாமோ, கல்யாண வீட்டுச் சந்தனம் மாதிரி.

2013-ல், 2.8.11 பதிப்பில்தான் டார்கெட்_இன்க்ளூட்_டைரக்டரீஸ் வந்துச்சு. பிரைவேட்னா பாதை எனக்கு மட்டும். இன்டர்ஃபேஸ்னா என்னைப் பயன்படுத்துறவங்களுக்கு மட்டும். பப்ளிக்னா ரெண்டு பேருக்கும். யாருக்கு எது தெரியணும்னு எழுதி வைக்க ஒரு இடம் கிடைச்சுது. வரிசைச் சிக்கல் இதனால ஒழிஞ்சுடல, ஆனா சம்பந்தமில்லாத பாதை உள்ளே நுழையறது குறையும். என்னைக் கேட்டா, சிமேக்கில் வந்ததிலேயே உருப்படியான மாற்றம் இதுதான்.

பழைய கட்டளையை இன்னும் எடுக்கலை. பழைய ப்ராஜெக்ட் எதையாவது திறந்தா, மேலேயே உட்கார்ந்திருக்கும்.