அடிபம்பைக் கழற்றச் சொல்லாதீர்கள்

"வீட்டுக்கு வீடு மோட்டார் இருக்கே, தெருமுனை அடிபம்பு எதுக்கு சார்?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பெரிய வரலாறு உண்டு.

1960களின் பிற்பகுதியில் வறட்சி வந்தபோது, யுனிசெஃப் உதவியோடு பாறை நிலங்களில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். பொருத்தியதோ, மேலைநாட்டில் ஒரு குடும்பம் புழங்கச் செய்த வார்ப்பிரும்புப் பம்பு. ஊரே அடித்தால் தாங்குமா? பெரும்பாலானவை பழுதாகிக் கிடந்தன.

பிறகு மகாராஷ்டிரத்து சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்து, மத்திய அரசும் யுனிசெஃபும் சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் நிறுவனமும் சேர்ந்து புதிய பம்பை உருவாக்கின. சோதித்தது கோயம்புத்தூர் பக்கம். எஃகு உடம்பு, கைப்பிடியில் பால்பேரிங், கம்பியைத் தூக்கச் சங்கிலி, கான்கிரீட்டில் பதித்த மூன்று கால். அதுதான் 1970களின் இறுதியில் வந்த 'இந்தியா மார்க் 2'. காப்புரிமை இல்லை, யாரும் செய்யலாம். அதனால் ஆப்பிரிக்கக் கிராமங்கள் வரை போனது.

2015 வெள்ளத்தில் நம் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, மோட்டார்கள் நின்றன. அடிபம்புக்குக் கை போதும். உங்கள் தெரு பம்பு பழுதென்றால், சரிசெய்யச் சொல்லி மனு கொடுங்கள்.