லயத்துப் பிள்ளைக்கு ஒரு வாத்தியார்

பாடசாலைப் பிள்ளைக்கு வீட்டில் வைத்துப் பாடஞ் சொல்லிக் கொடுக்க நல்லதொரு வாத்தியாரைத் தேடுவது எப்படி என்னும் கேள்வி, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பணத்தையும் நாலு பேரிடம் விசாரிப்பதையும் பொறுத்தது. அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் அக்கேள்வியின் தன்மையே வேறு. அங்கே நெடுங்காலமாக, பிள்ளை கற்பதற்கு எவருடைய அனுமதி வேண்டும், கற்பிப்பவன் லயத்துக்குள் கால் வைக்கலாமா, பிள்ளை புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கான கூலியை யார் ஈடு செய்வது என்ற கேள்விகளே முதலில் எழுந்தன. வாத்தியார் நல்லவரா அல்லரா என்பது அவற்றின் பின்னர் வந்தது. தனிப் போதனை பற்றி ஆசிரியர்களும் மாணவர்களும் பெரிதும் பேசும் இந்நாளில், மலைநாட்டில் அதன் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது தகும் என்று கருதுகிறோம்.

கோப்பிக் காலத்திலேயே இது தொடங்கியது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து நடந்தும் தோணியேறியும் வந்த மக்களுக்குக் கல்வியளிப்பது தம் கடமையென்று தோட்ட முதலாளிகள் எண்ணவில்லை. 1854இல் தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரோடு கிறித்துவச் சபையார் சிலர் தோட்டங்களுக்குள் புகுந்தனர். வேதம் போதிக்க வந்த உபதேசியாரே அரிச்சுவடியும் போதித்தார். அந்தப் பெயரில் ‘கூலி’ என்ற சொல் எவ்விதக் கூச்சமுமின்றி உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். மிஷன் எட்டாத இடங்களில், எழுத்தறிந்த தொழிலாளி ஒருவரோ கங்காணியின் உறவினர் ஒருவரோ மாலைப் பொழுதில் லயத்து இஸ்தோப்பில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். ஊரிலிருந்த திண்ணைப் பள்ளிக்கூடமே கடல் தாண்டி வந்து லயத்து வாசலில் அமர்ந்துகொண்டது எனலாம். மலைநாட்டின் முதல் ‘டியூசன்’ வாத்தியார் இவரே. இவருக்குச் சான்றிதழுமில்லை, சம்பளப் பட்டியலில் ஆசிரியர் என்ற பெயருமில்லை.

1869இல் கோப்பிச் செடிகளில் நோய் கண்டது. அதற்கிரண்டாண்டு முன்னரே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் பயிரிட்ட தேயிலை, பின்னர் மலை முழுவதையும் பிடித்துக்கொண்டது. கோப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆணும் பெண்ணும் பிள்ளையும் வேண்டும். வந்து போனவர்கள் குடும்பத்தோடு தங்கலாயினர்; லயங்களில் பிள்ளைகள் பெருகின. ஆகவே 1907இல் நாட்டுப்புறப் பாடசாலைச் சட்டம் பிறந்தபோது, தோட்டத்திலுள்ள ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வியளிக்கும் பொறுப்பு தோட்டத் துரையின்மீது சுமத்தப்பட்டது. கொழுந்து பறிக்கும் கையே துரைக்கு வேண்டியது. அந்தக் கைக்கு எழுத்துக் கற்பிக்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்த சட்டம் எவ்வாறு நடைமுறைக்கு வந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பத்து வயதோடு கல்வி முடிந்துவிட வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் உட்கிடை.

இங்கே ஒரு கணக்கை ஆராய வேண்டும். 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைத் தொடர்ந்து 1929இல் தோட்டத் தொழிலாளருக்கு நாட்கூலி நிர்ணயிக்கப்பட்டபோது, உயர் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று வகுக்கப்பட்டது. பிள்ளைக்கென்று ஒரு கூலியைச் சட்டமே எழுதி வைத்திருந்தது என்பதே நாம் நோக்க வேண்டியது. பிள்ளையைப் பகலிலே பள்ளிக்கு அனுப்பும் தாய், தன் நாட்கூலியின் முக்காற் பங்கை அன்றாடம் இழந்தாள். பள்ளி இலவசமென்று சொல்லப்பட்ட போதும், அவள் வீட்டில் அது இலவசமாக இருக்கவில்லை. தோட்டத்துப் பெற்றோருக்குக் கல்வியில் அக்கறையில்லை என்று எழுதிச் சென்ற அதிகாரிகள் இந்த 32 சதத்தைக் கணக்கிலெடுத்ததாகத் தெரியவில்லை. பகலில் இழக்க இயலாத குடும்பங்களுக்கு மாலை நேரமே மிஞ்சியது. ஆதலின் மலைநாட்டில் மாலைப் போதனை என்பது பள்ளிப் படிப்போடு சேர்த்துக்கொள்ளும் மேலதிகமாக முளைக்கவில்லை. பள்ளிக்குப் பதிலாகவே முளைத்தது.

தோட்டப் பாடசாலை எப்படி இருந்தது? ஒரே கட்டடம், ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க, வாத்தியார் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்துகொண்டிருப்பார். அவரை நியமிப்பதும் நீக்குவதும் தோட்ட நிருவாகம். அவர் குடியிருந்ததும் நிருவாகம் கொடுத்த இடத்திலே. ஊருக்குக் கடிதம் எழுதுவது, வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுவது, கோயில் திருவிழாவுக்குக் கணக்கு வைப்பது, இரவிலே பாரதமோ நல்லதங்காள் கதையோ இராகத்தோடு வாசிப்பது எல்லாம் அவர் தலையிலேதான். கடிதம் எழுதுகிறவர் என்றாவது ஒருநாள் மனுவும் எழுதுவார் என்பதை நிருவாகம் நன்கறிந்திருந்தது. ஆகையால் இருட்டிய பின் வாத்தியார் வீட்டில் விளக்கெரிந்தால் கணக்கப்பிள்ளை எட்டிப் பார்ப்பதும் உண்டு.

வெளியிலிருந்து ஒருவர் வந்து கற்பிக்கலாமே என்று கேட்கலாம். அங்கேதான் மலைநாட்டின் தனித்தன்மை இருக்கிறது. தோட்டம் தனியார் சொத்து. லயத்துக்குச் செல்லும் பாதையும் அப்படியே. துரையின் அனுமதியின்றி உள்ளே வரும் அன்னியன்மீது அத்துமீறல் வழக்குத் தொடுக்கலாம். தஞ்சாவூரிலிருந்து வந்து, 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசய்யர், தோட்டங்களுக்குட் புகுவதற்குப் புடவை வியாபாரியாக வேடமிட்டார் என்பர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடிய பாடல்கள் எழுத்தறியாத மக்களுக்கு அரசியல் பாடமாக அமைந்தன. தொழிற்சங்கவாதிக்கு வைத்த தடை வாத்தியாருக்கும் பொருந்தியது. தன் பிள்ளைக்கு யார் கற்பிப்பது என்பதைத் தந்தை தீர்மானிக்கும் உரிமை லயத்து வாசற்படியோடு நின்றுவிட்டது.

இதற்கு விலக்கானவர்களும் இருந்தனர். பெரிய கங்காணி வீட்டுப் பிள்ளைக்கு நகரப் பள்ளிக்கூடம் கிடைத்தது. பூண்டுலோயாவிலுள்ள மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அத்தகைய குடும்பத்துப் பிள்ளை. கொழும்பு நாலந்தா வித்தியாலயம் வரை சென்று கற்க அவருக்கு வாய்த்தது. அவர் கற்ற ஆங்கிலத்தைத் தன் மக்களின் துயரைப் பாடவே பயன்படுத்தினார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றமும் சென்றார். ஆயின், அதே தோட்டத்தில் கொழுந்துக் கூடையோடு வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை வேலுப்பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றனர் என்பதை எந்த ஏடும் பதியவில்லை. ஆங்கிலம் நகரத்து மிஷன் பள்ளியில் இருந்தது; அட்டனில் 1892இல் தோன்றிய பள்ளியே பின்னாளில் ஹைலண்ட்ஸ் கல்லூரியாயிற்று. லயத்திலிருந்து அங்கே செல்லக் கட்டணமும் வேண்டும், சப்பாத்தும் வேண்டும்.

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. நாட்டின் ஏழைப் பிள்ளைகளுக்கு அது செய்த நன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த வெள்ளம் தோட்டத்து வேலியோடு நின்றது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்க 1947ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழி வகுத்தும், ஏற்கப்பட்டவை மிகச் சில. மறு ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. அதன் விளைவாக வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாத பெற்றோரின் பிள்ளைக்குப் பாடசாலை கட்டித் தருவதற்கு எந்த மந்திரிக்கு அவசரம் இருக்கும்? 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது முற்போக்காளர் மகிழ்ந்தனர். மகிழ்ச்சிக்கு நியாயமும் இருந்தது. தோட்டப் பாடசாலைகள் மட்டும் துரையின் கையிலேயே விடப்பட்டன. அதே 1961இல் கியூபாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் மாணவ மாணவியர் கையில் விளக்கேந்திக் கிராமங்களுக்குச் சென்று, ஏழு லட்சம் பேருக்கு எழுத்தறிவித்தனர். இரு நாடுகளும் கரும்பையும் தேயிலையையும் நம்பி வாழ்ந்த தீவுகளே. நம் தீவில் அவ்விளக்கு தோட்டத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டுக் கேட்டிருப்பர்.

எனினும் அறுபதுகளில் அட்டனில் ஓர் ஒளி எழுந்தது. ஹைலண்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் பின்னர் அதிபராகவும் இருந்த இர. சிவலிங்கமும், ‘உரிமை எங்கே?’ என்ற சிறுகதையால் அறியப்பட்ட திருச்செந்தூரனும் மாணவரிடையே பணியாற்றினர். பாடத்தைக் கற்பித்ததோடு நில்லாமல், ‘நான் மலைநாட்டவன்’ என்று தலைநிமிர்ந்து சொல்லும் துணிவையும் அவர்கள் ஊட்டினர். பின்னாளில் மலையக இலக்கியத்துக்கு வந்த இளைஞர் பலர் அந்தச் சூழலில் உருவானவர்களே. நல்ல வாத்தியார் யார் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் வரலாற்றுச் சான்று இதுவே. அவரைத் தேடிப் பிள்ளை போயிற்று. அவரும் பிள்ளையைத் தேடிப் போனார்.

அந்தத் தலைமுறையைத்தான் 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கலைத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரை எண்ணிப் பிரித்தனர். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டனர். எந்நாட்டுக்குப் போவோம் என்று தெரியாத பிள்ளைக்கு எந்நாட்டுப் பாடத்தைச் சொல்லிக் கொடுப்பது? கடவுச்சீட்டு வந்தால் தலைமன்னாரில் கப்பலேற வேண்டும். வாத்தியார்மாரும் போயினர், சிவலிங்கமும் பின்னர் இந்தியா சென்று, நீலகிரியில் தாயகந் திரும்பியோரிடையே பணி செய்தார். எஞ்சியோர்மீது 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் வீழ்ந்தது. பாணும் மாவும் கிடைக்காத லயத்தில் பாடப் புத்தகத்தைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி முதல்தான் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. எண்பதுகளில் சுவீடன் நாட்டு உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. தோட்டத்து இளைஞர், யுவதிகளே ஆசிரியராக நியமனம் பெற்றனர். ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்விக் கல்லூரி உருவாகி அவர்களைப் பயிற்றுவித்தது. லயத்தில் பிறந்தவர் லயத்துப் பிள்ளைக்குக் கற்பிப்பது, ஒரு நூற்றாண்டுக்கு முன் இஸ்தோப்பில் தொடங்கியது. இப்போதுதான் அதற்குச் சம்பளமும் மரியாதையும் கிடைத்தன. ஆரம்பக் கல்வியில் இதன் பயன் கண்கூடு. உயர்தர வகுப்பில் விஞ்ஞானமும் கணிதமும் தமிழில் கற்பிக்கும் பாடசாலைகளோ நுவரெலியா மாவட்டத்தில் இன்றும் விரல்விட்டு எண்ணத்தக்கன.

அந்த வெற்றிடத்திலேதான் இன்றைய டியூசன் வகுப்பு குடியேறியிருக்கிறது. நாடளாவிய நிலையும் இதுவே. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், பள்ளி வயதுப் பிள்ளையுள்ள குடும்பங்களில் நான்கில் ஒன்றளவே தனிப் போதனைக்குச் செலவிட்டது. பத்தாண்டு கழிந்ததும் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் செலவிட்டன. தென்கொரியாவில் 1980இல் தனிப் போதனையை அடியோடு தடை செய்து பார்த்தனர், ஒழியவில்லை, ஒளிந்துகொண்டது. 2000இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தடையை நீக்கிற்று. தடைச் சட்டத்தில் நமக்கு நம்பிக்கையில்லை. அதற்காகச் சந்தையிலும் நம்பிக்கை பிறந்துவிடவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ‘ஒரு பேர்’ என்பர். அந்த ஒரு பேருக்கு ஆயிரம் ரூபாய் பெறுவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது. நகரத்து வகுப்புக்குக் கட்டணம், பஸ் செலவு, பிரதி எடுத்த வினாத்தாள் என்று தாய் எண்ணும்போது பேர்களாகவே எண்ணுகிறாள். மாலை வகுப்பு முடிந்து தேயிலை மலையூடே மகள் தனியே திரும்ப வேண்டும். பனிமூட்டம், அட்டை, சிறுத்தை பற்றிய அச்சம், குடித்துவிட்டு நிற்போர் பற்றிய அச்சம், இவையும் கட்டணமே.

ஆதலின், நல்ல வாத்தியாரை எப்படி இனங்காண்பது என்று எம்மைக் கேட்கும் தோட்டத்துப் பெற்றோருக்கு நாம் கூறுவது எளிது. முன்னூறு பிள்ளைகள் அடைந்திருக்கும் கொட்டகையில் ஒலிபெருக்கி வைத்துப் பேசுபவர் வாத்தியாரல்லர், பேச்சாளர். பிள்ளையின் கொப்பியை விரித்து, எங்கே பிழைத்தது, ஏன் பிழைத்தது என்று பார்ப்பவரைத் தேடுங்கள். ஐந்தாந் தரப் புலமைப் பரிசிலுக்கு மாதிரி வினாக்களை மட்டும் உருப்போட வைப்பவரிடம், ஒரு வினாவையேனும் பிள்ளை தானாக ஆக்கிக் காட்டியதுண்டா என்று கேளுங்கள். பகலில் தன் வகுப்பில் விட்டுவைத்த பாடத்தை மாலையில் காசுக்கு விற்பவரை விட்டு விலகுங்கள். அத்தகையோரை ஆசிரியர் சங்கங்களே வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டும். எழுத்தறியாத பெற்றோரும் ஒன்றை அறிய முடியும்: வகுப்பு விட்டு வந்த பிள்ளை, கற்றதைத் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கிறதா என்று பார்த்தாற் போதும்.

விடுமுறையில் வீடு திரும்பும் பல்கலைக்கழக மாணவர், கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ பிள்ளைகளைக் கூட்டிக் கட்டணமின்றிக் கற்பிப்பதும் மலைநாட்டில் நடந்து வருகிறது. விடுமுறை முடிந்ததும் வகுப்பும் முடிந்துவிடுவதே இதிலுள்ள குறை. தோட்டத்துக்குள்ளேயே நிலையாக வசிக்கும் ஆசிரியரே இதனைத் தொடர்ந்து நடத்த வல்லவர். அவருடைய நிலை என்ன? 2014ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென்று ஆசிரிய உதவியாளராகச் சேர்க்கப்பட்ட இளைஞர், யுவதிகள் ஆயிரக்கணக்கினர். அவர்களுக்கு வழங்கப்பட்ட மாதாந்தக் கொடுப்பனவு 6,000 ரூபாய். போராடிய பின்னர் அது 10,000 ஆயிற்று. முழு ஆசிரியர் செய்யும் வேலையைச் செய்தும், பயிற்சி முடியும் வரை அவர்கள் ஆசிரியர் என்ற பதவியைப் பெறவில்லை. அந்தத் தொகையில் உண்டு உடுத்து, பயிற்சிக்கும் சென்று வந்த ஒருவர், மாலையில் நகரத்துக் கட்டண வகுப்புக்குப் போகாமல் லயத்து மண்டபத்துக்கு வந்திருக்க வேண்டும் என்று அவரிடம் கேட்கும் உரிமை நமக்கில்லை. அக்கொடுப்பனவை நிர்ணயித்தவர்களிடம் கேட்கும் உரிமை இருக்கிறது. மண்டபத்தின் சாவி இன்னும் பல தோட்டங்களில் நிருவாகத்திடமே இருப்பதால், அதனையும் சேர்த்தே கேட்க வேண்டும்.