கோணிச்சாக்கும் டண்டி நகரமும்

"எங்கள் வேலையை இந்தியாக்காரன் கொண்டுபோய்விட்டான்" என்று அமெரிக்காவில் சிலர் குறைப்படுவதை, பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கும் நம்மில் பலர் கேட்டிருப்போம். "குறைந்த சம்பளத்துக்கு நல்ல வேலை செய்கிறோம், அதில் என்ன தப்பு?" என்பது நாம் சொல்லும் பதில். இந்த இரண்டு பேச்சிலும் ஒரு ஆள் மட்டும் விடுபட்டுப்போகிறார். அவர் யார் என்று பார்க்க, கம்ப்யூட்டரைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுக் கோணிச்சாக்கைக் கையில் எடுப்போம்.

நான் நெல்லும் அரிசியும் அடுக்கும் கிடங்குகளில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். சாக்கு எண்ணியே காலம் போனது. புதுச் சாக்குக் கட்டைப் பிரித்ததும் குப்பென்று ஒரு எண்ணெய் வாடை வரும். கிடங்கில் இருந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அந்த வாடையில் ஒரு சரித்திரம் இருக்கிறது.

சணல் வங்காளத்துப் பயிர். அங்கே கைத்தறியில் கோணி நெய்து வெளிநாட்டுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதை இயந்திரத்தில் நூற்கும் வழியைக் கண்டுபிடித்தது ஸ்காட்லாந்தில் உள்ள டண்டி என்ற துறைமுக ஊர். (காந்தி உப்பெடுத்த தண்டி வேறு.) சணல் நார் காய்ந்தது, இயந்திரத்தில் கொடுத்தால் முறியும். டண்டியில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இருந்ததால் திமிங்கில எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. அந்த எண்ணெயையும் தண்ணீரையும் தெளித்து ஊறவைத்ததும் நார் வழிக்கு வந்தது. இது நடந்தது 1830களில். இன்று திமிங்கில எண்ணெய்க்குப் பதில் மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெய். ஆனால் நாரை எண்ணெயில் பதப்படுத்தும் முறை மாறவில்லை.

பிறகு டண்டிக்கு யோகம் அடித்தது. 1853இல் தொடங்கிய கிரிமியப் போரால் ரஷ்யாவின் ஆளி நார் வரத்து தடைபட்டது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்து சாக்குக்கும் முரட்டுத் துணிக்கும் கிராக்கி ஏறியது. உலகத்துத் தானியம், சர்க்கரை, கம்பளியெல்லாம் சணல் சாக்கில் பயணம் போன காலம். உச்சத்தில் டண்டியில் சுமார் 50,000 பேர் சணல் ஆலைகளில் இருந்தார்கள். காக்ஸ் சகோதரர்களின் கேம்பர்டவுன் ஆலையில் மட்டும் சுமார் 5,000 பேர்.

தொழிலாளரில் முக்கால்வாசி பெண்கள். ஆண்களுக்குக் கூடுதல் கூலி தர வேண்டும் என்பதால், பையன்களைச் சிறுவயதில் வேலைக்கு வைத்துக்கொண்டு 18 வயதானதும் அனுப்பிவிடுவார்கள். மனைவி ஆலைக்குப் போக, வீட்டில் இருக்கும் கணவனுக்கு 'கெட்டில் காய்ச்சுகிறவன்' என்று பட்டப்பெயர்.

இதற்கிடையே 1855இல் ஜார்ஜ் ஆக்லாண்ட் என்பவர் கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி நதிக்கரையில் ரிஷ்ராவில் ஒரு சணல் ஆலை தொடங்கினார். இயந்திரங்கள் டண்டியிலிருந்தே வந்தன. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழுந்தன. கச்சாப்பொருள் பக்கத்திலேயே, கூலி மிகக் குறைவு. 1890களில் மின்விளக்கு வந்ததும் இருட்டிய பிறகும் ஆலை ஓடியது.

ஹூக்ளிக் கரையின் எல்லா ஆலைகளும் டண்டிப் பணத்தில் எழுந்தவை அல்ல. ஆனால் சாம்நகர், டிட்டாகர், விக்டோரியா ஆலைகளை நிர்வகித்த தாமஸ் டஃப் கம்பெனி டண்டியைச் சேர்ந்தது. மற்ற ஆலைகளுக்கும் தறி விற்றவர்கள், மேனேஜராகவும் மேஸ்திரியாகவும் போனவர்களில் மிகப் பலர் டண்டிக்காரர்கள். இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்போது கல்கத்தா டண்டியை முந்தியிருந்தது.

வேலையைக் கொண்டுபோனது யார் என்று இப்போது பாருங்கள். ரிஷ்ராவின் கூலிக்காரர் கப்பலேறிப் போய் எதையும் பறிக்கவில்லை. டண்டியில் இயந்திரம் விற்றவரும் பங்கு வாங்கியவரும்தான் அதை அனுப்பிவைத்தார்கள். நான் சொன்ன விடுபட்ட ஆள் இவர்தான்.

இவருக்கு நஷ்டம் வந்ததா? இல்லை. சணல் வியாபாரியிடம் கணக்கெழுதிய ராபர்ட் ஃபிளெமிங் என்ற இளைஞர், 1873இல் டண்டிப் பணக்காரர்களின் சேமிப்பைத் திரட்டி அமெரிக்க ரயில்வே பத்திரங்களில் போட ஒரு முதலீட்டு நிறுவனம் தொடங்கினார். (ஜேம்ஸ் பாண்டை உருவாக்கிய இயான் ஃபிளெமிங் இவர் பேரன்தான்.) சணலில் சேர்ந்த பணத்துக்கு அமெரிக்காவிலிருந்தும் வட்டி வந்தது. ஆலை முதலாளிகளுக்குப் பக்கத்துக் கடற்கரையில் மாளிகைகள் எழுந்தன. உலகெங்கும் விவசாயிக்குச் சாக்கு மலிவாகக் கிடைத்தது. தேசத்தின் மொத்தக் கணக்கைப் போட்டால் பிரிட்டனுக்கு லாபமே.

நூற்பு இயந்திரத்தின் முன் நின்ற பெண்ணுக்கோ அந்தப் பத்திரத்தில் பங்கு கிடையாது. 1930களின் தொடக்கத்தில் டண்டிச் சணல் தொழிலாளரில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வேலை இல்லை. இந்தியச் சணல் சரக்குக்கு வரி போடுங்கள் என்று ஊரே லண்டனிடம் கேட்டது. இந்தியா பிரிட்டிஷ் சரக்குக்குப் பெரிய சந்தை. ஒரு ஊருக்காக அதைப் பகைத்துக்கொள்ள லண்டன் தயாராக இல்லை. டண்டியின் கோரிக்கை நிறைவேறவில்லை.

ஊரை ஓரளவு காப்பாற்றியது யுத்தம். 1939இல் அரசாங்கம் சணல் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. போர் முடிந்தும் 1960களின் இறுதிவரை அது ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. அந்த அவகாசத்தில் வேறு தொழில்கள் வந்தன. டைமெக்ஸ் கடிகார ஆலையில் ஒரு கட்டத்தில் சுமார் 7,000 பேர் வேலை செய்தார்கள். கடைசிச் சணல் ஆலையும் 1990களின் இறுதியில் மூடியபோது ஊர் சாய்ந்துவிடவில்லை. ஏற்கெனவே சணலை விட்டு வெகுதூரம் வந்திருந்தது.

டைமெக்ஸ் கதை அப்படி இல்லை. அது 1993இல், கடுமையான வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, ஒரே வருடத்துக்குள் மூடிவிட்டது. ஆனால் அங்கேதான் 1980களில் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் என்ற மலிவுக் கம்ப்யூட்டரைத் தயாரித்தார்கள். அந்த ஊர்ப் பையன்கள் பலர் அதில் விளையாடிப் பழகி, விளையாட்டு மென்பொருள் எழுதக் கற்றார்கள். நம் பேரன்கள் ஆடும் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' 1997இல் டண்டியில்தான் உருவானது. அதே வருடம் அங்குள்ள அபர்டே பல்கலைக்கழகம் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கென்றே பட்டப்படிப்பு தொடங்கியது. நல்ல விஷயம்தான். என்றாலும் 50 வயதில் கடிகார ஆலையிலிருந்து வெளியே வந்த அம்மாளுக்கு அந்த வேலை கிடைத்திருக்காது.

அமெரிக்காவில் நடந்ததும் இதே ரகம். 2000இல் அங்கே தொழிற்சாலைகளில் ஏறக்குறைய 1.7 கோடிப் பேர் இருந்தார்கள். 2010இல் சுமார் 1.15 கோடி. இயந்திரமயமும் 2008 நெருக்கடியும் இதற்குக் காரணம், சீனாவிலிருந்து வந்த சரக்கும் காரணம். டேவிட் ஆட்டர் முதலான பொருளாதார அறிஞர்கள் ஊர் ஊராகக் கணக்கெடுத்து 2013இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சீனச் சரக்கோடு நேரடியாக மோதிய ஊர்களில் வேலையின்மை ஏறியது, கூலி இறங்கியது, அரசு உதவியை நம்பியவர்கள் கூடினார்கள். வேலை போனவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள் என்று பாடப்புத்தகம் சொன்னது. பெரும்பாலோர் போகவில்லை. வீட்டுக் கடன், வயதான பெற்றோர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம். நமக்குத் தெரியாததா?

ஆகவே வேலை நாடு விட்டு நாடு போவதால் பணக்கார நாடு ஏழையாகிவிடுகிறது என்பதும் சரியில்லை, எல்லோருக்கும் நன்மை என்பதும் சரியில்லை. லாபம் பத்திரம் வைத்திருப்பவர் வீட்டுக்கும், மலிவாகப் பொருள் வாங்கும் எல்லோருக்கும் போகிறது. நஷ்டம் குறிப்பிட்ட சில தெருக்களில் மட்டும் இறங்குகிறது. லாபத்தில் ஒரு பங்கு அந்தத் தெருக்களுக்குப் போனதா, மாறுவதற்கு அவர்களுக்கு அவகாசம் கிடைத்ததா என்பதை ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை "இந்தியாக்காரன் பறித்துவிட்டான்" என்ற பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் மனம் வாடினால், டண்டியைப் பற்றிச் சொல்லுங்கள். கூடவே அங்கே வேலை இழந்தவரின் கோபத்தையும் கேலி செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். நாளைக்கு இதே வேலை இங்கிருந்து இன்னொரு நாட்டுக்குக் கிளம்பினால், நஷ்டம் இறங்கும் தெரு நம்முடையதாக இருக்கும்.