அலைகாட்டிக்குப் பொதுமொழி வந்த கதை

ஆஸிலோஸ்கோப் என்ற கருவியை இயற்பியல் ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். மின்னழுத்தம் நேரத்தோடு ஏறி இறங்குவதைத் திரையில் அலையாக வரைந்து காட்டும். தமிழில் அலைகாட்டி. 1897ல் ஜெர்மனியின் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் செய்த கதோட் கதிர்க் குழாய்தான் இதற்கு மூலம். பல ஆண்டுகள் ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து குமிழைத் திருகித்தான் இதை இயக்க முடியும். அளவு வேண்டுமா, திரையில் கட்டத்தை எண்ண வேண்டும். பதிவு வேண்டுமா, கேமராவைப் பொருத்திப் படம் எடுக்க வேண்டும்.

பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இது வியாபாரக் கதையும்தான்.

அளவுக் கருவிகளைக் கணினியோடு இணைக்க அமெரிக்காவின் ஹியூலட் பேக்கர்ட் நிறுவனம் 1960களின் கடைசியில் ஒரு கேபிள் முறையை உருவாக்கியது. 8 கம்பிகளில் தகவல் போகும், மற்ற 8 கம்பிகள் ஒழுங்குபடுத்தும். ஒரே இணைப்பில் 15 கருவிகள் வரை சேரலாம். ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பார்கள். கேட்பவர்களில் மிக மெதுவானவர் வாங்கி முடிக்கும் வரை அடுத்த சொல் வராது. 1975ல் இது ஐ.இ.இ.இ. 488 என்ற பொதுத்தரம் ஆனது.

பிரச்சினை தீர்ந்ததா என்றால், பாதிதான். கம்பி பொதுவானது, பேச்சு பொதுவாகவில்லை. ஒரே அளவைக் கேட்க ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கட்டளை. கருவியை மாற்றினால் நிரலையும் திருத்தி எழுத வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்தே பழைய கம்பெனியிடமே மறுபடி வாங்குவார்கள். விலைப்பட்டியலில் வராத செலவு இது!

1987ல் வந்த 488.2 தரம் சில கட்டளைகளைப் பொதுவாக்கியது. நட்சத்திரக் குறி, ஐ.டி.என்., கேள்விக்குறி என்று அனுப்பினால் கருவி தன் கம்பெனி, மாடல், வரிசை எண் எல்லாம் சொல்லும். "நீ யார்?" என்று கேட்கிற மாதிரி. 1990ல் ஹியூலட் பேக்கர்ட், டெக்ட்ரானிக்ஸ் போன்ற போட்டியாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து 'ஸ்கிப்பி' என்ற கட்டளை மொழியை வெளியிட்டார்கள். எந்தக் குமிழைத் திருக வேண்டும் என்று அல்ல, எதை அளக்க வேண்டும் என்று சொல்லும் மொழி இது. பின்னாளில் யு.எஸ்.பி.யும் நெட்வொர்க் கேபிளும் வந்தன. வழி மாறியது, மொழி நிலைத்தது. கருவி வேறு ஊரில் இருந்தாலும் நெட்வொர்க் வழியாகக் கட்டளை போகும். ஆனாலும் சிறப்பு வசதிகளுக்கு ஒவ்வொரு கம்பெனியும் சொந்தக் கட்டளை வைத்திருப்பதால் கையேட்டைப் புரட்டாமல் முடியாது.

நம் நாட்டுக்கு வருவோம். டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம் 2004ல் 'ஃபீனிக்ஸ்' திட்டத்தைத் தொடங்கியது. அதில் பிறந்ததுதான் 'எக்ஸ்பைஸ்' என்ற சிறு பெட்டி. யு.எஸ்.பி.யில் செருகினால் கணினித் திரையே அலைகாட்டி ஆகிவிடும். பைத்தான் மொழியில் ஒரு வரி எழுதினால் மின்னழுத்தத்தை அளந்து தரும். இது ஸ்கிப்பி பேசுவதில்லை, தன் சொந்தக் கட்டளைகளைத்தான் பேசுகிறது. ஆனால் வன்பொருள் வடிவமைப்பு, மென்பொருள் இரண்டுமே திறந்தவை. கட்டளையில் சந்தேகம் வந்தால் உள்ளே திறந்து பார்க்கலாம், தேவைப்பட்டால் மாற்றலாம்.

ஸ்கிப்பி, வாங்குகிறவரை ஒரே கடைக்காரரிடமிருந்து விடுவித்தது. எக்ஸ்பைஸ், விலை உயர்ந்த கருவி வாங்க முடியாத கல்லூரிக்கும் கதவைத் திறந்தது. ஒரு பொருளை வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். நாளைக்கு அதை விட்டு விலக என்ன செலவாகும் என்றும் கேளுங்கள்.