தொலைபேசிக் கம்பி தன் பிழையைத் தானே எண்ணக் கற்ற கதை

அந்தக் காலத்தில் தொலைபேசியில் வெளியூருக்குப் பேசிய பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மழை பெய்தால் கரகரப்பு. கேபிளில் நீர் இறங்கினால் அடுத்தவர் பேச்சும் சேர்ந்து கேட்கும். எரிச்சலூட்டினாலும் அந்தக் கரகரப்பு ஓர் எச்சரிக்கை. கம்பி கெட்டு வருகிறது என்பதைக் காதே கண்டுபிடித்துவிடும். 1882 ஜனவரியில் சென்னையில் தொலைபேசி நிலையம் தொடங்கிய பின் ஏறத்தாழ நூறாண்டுகள், காதுதான் சோதனைக் கருவி.

பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள சுண்ணாம்புக்குளம் போன்ற ஊர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. 1984 நவம்பரில் கடும்புயல் ஒன்று ஸ்ரீஹரிகோட்டா அருகே இதே கரையைத் தாக்கியது. அத்தகைய நேரத்தில் நகரத்தோடு பேச உதவும் கம்பி, முன்னறிவிப்பின்றி ஊமையாகிவிட்டால் என்ன ஆகும்?

1937இல் பாரிசில் பணிபுரிந்த ஆங்கிலப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் ஒரு புதுவழி கண்டார். குரலை அப்படியே அனுப்பாமல், அதை அளந்து எண்களாக்கி அனுப்பலாம் என்றார். டிரான்சிஸ்டர் வந்த பிறகே அது நடைமுறைக்கு ஒத்துவந்தது. 1962இல் அமெரிக்காவில் பெல் நிறுவனம் இதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பாவும் இந்தியாவும் ஏற்ற முறையில், ஒரே இணைப்பில் 30 பேர் பேசலாம். ஒவ்வொரு குரலும் நொடிக்கு 8,000 தடவை அளக்கப்பட்டு, 0, 1 என்ற குறிகளாக மாறுகிறது. மொத்தம் நொடிக்கு 20,48,000 குறிகள்!

இந்த இலக்க முறையில் ஒரு வசதியும் உண்டு, ஒரு வம்பும் உண்டு. வழியில் சேரும் இரைச்சலை ஆங்காங்கே துடைத்துவிடலாம்; பேச்சு தெளிவாகக் கேட்கும். ஆனால் கம்பி மெல்ல நலிவது காதுக்குத் தெரியாது. பிழைகள் ஓர் எல்லையைத் தாண்டியதும் எல்லாம் சட்டென்று குலைந்துபோகும். ஆகவே, காதின் வேலையைக் கருவி செய்யவேண்டியதாயிற்று.

கருவிக்கு எது பிழை என்று எப்படித் தெரியும்? பேசுபவர் என்ன சொல்வார் என்பது அதற்குத் தெரியாதே! இதற்காக 0011011 என்ற மாறாத அடையாளம் நொடிக்கு 4,000 தடவை அனுப்பப்படுகிறது. அது சிதைந்து வந்தால் கம்பியில் கோளாறு.

இனி நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அடையாளக் குறிகள் நொடிக்கு 28,000. ஆயிரத்துக்கு ஒன்று தவறினால் நொடிக்கு 28 பிழைகள் சிக்கும். கருவி உடனே மணியடிக்கலாம். பத்து லட்சத்துக்கு ஒன்று தவறினால்? ஒரு பிழையைக் காண 36 நொடி காத்திருக்க வேண்டும். பத்துப் பிழை சேர ஆறு நிமிடம் ஆகும். குறைந்த பிழையை அறியப் பொறுமை வேண்டும்.

எனவே இரண்டு வகை எச்சரிக்கைகள் வழக்கமாயின. ஆயிரத்துக்கு ஒன்று என்பது அவசர மணி. அந்நிலையில் பேச்சே பாழாகும். பத்து லட்சத்துக்கு ஒன்று என்பது, சாவகாசமாகப் பார்க்கலாம் என்னும் குறிப்பு. எல்லையைத் தாழ்வாக வைத்தால் ஒவ்வொரு மின்னலுக்கும் மணி அடிக்கும். ஊழியர் சலித்துப்போய் அதை அணைத்துவைப்பார். உயர்வாக வைத்தாலோ, கம்பி செத்த பிறகுதான் மணி கேட்கும். அடித்த மணி உடனே ஓய்ந்து, மறுபடி அடித்துத் தொல்லை தராமலிருக்க, பிழை நன்கு குறைந்த பிறகே அது நிற்குமாறு அமைத்தார்கள்.

இன்னொரு சிக்கல்: பிழையைக் காண்பது கேட்கும் முனை, அனுப்பும் முனைக்கு அது தெரியாது. ஆகவே ‘உன் பேச்சு எனக்குச் சரியாக வரவில்லை’ என்று திருப்பிச் சொல்லத் தனியாக ஒரு குறியையே ஒதுக்கினார்கள்.

நம் நாட்டில் சி-டாட் நிறுவனம் தொடங்கியது 1984 ஆகஸ்டில். அது உருவாக்கிய 128 முனைகள் கொண்ட கிராமத் தொலைபேசி நிலையம் 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் இயங்கத் தொடங்கியது. குளிரூட்டிய அறை அதற்குத் தேவையில்லை. இலக்க முறை சிற்றூர்களை நோக்கிப் புறப்பட்டது இப்படித்தான்.

இன்று செம்புக் கம்பியின் இடத்தைக் கண்ணாடி இழை பிடித்துவிட்டது. மீனவர் கையில் கைப்பேசி இருக்கிறது. ஆனாலும் கோபுரங்களை இணைக்கும் கருவிகள் இன்றும் பிழைகளை எண்ணியபடியே இருக்கின்றன. எண்ணுவது கருவியின் வேலை. எத்தனையாவது பிழையில் மனிதனை எழுப்பவேண்டும் என்பதை முடிவு செய்வது மட்டும் நம் பொறுப்பு.