கார்ப்பரேட்டர் காலத்து ஐட்லிங்

இந்தியச் சாலைகளில் அம்பாசடரும் பத்மினியும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஓடிய காலத்தில், கார் பட்டறைகளுக்கு ஓயாமல் வந்த குறைகளுள் ஒன்று, ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் வேகம் தணியாமல் இரைந்துகொண்டே இருப்பதாகும். மிதியை அழுத்தாத நிலையில் எஞ்சின் தானாக ஓடும் வேகமே ஐட்லிங். பட்டறை வழக்கில் அது 'ஸ்லோ ஸ்பீடு'. நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 முதல் 800 சுற்றுகள் என இருக்கவேண்டிய அவ்வேகம் ஆயிரத்தைத் தாண்டும்போது பெட்ரோல் வீணாவதோடு கியர் மாற்றுவதும் முரட்டுத்தனமாகிவிடும்.

அக்காலக் கார்களில் பரவலாக இருந்தது பிரான்சில் தோன்றிய சோலெக்ஸ் வகைக் கார்ப்பரேட்டர். இந்தியாவில் அதைத் தயாரித்தது சென்னையின் கார்ப்பரேட்டர்ஸ் லிமிடெட் நிறுவனம். எஞ்சின் உறிஞ்சும் காற்றுடன் பெட்ரோலை அளவாகக் கலந்து தரும் இக்கருவியில், காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு எவ்வளவு திறந்து நிற்கவேண்டும் என்பதை ஒரு ஸ்க்ரூவும், ஐட்லிங்கின்போது சேரும் கலவையின் அளவை மற்றொரு ஸ்க்ரூவும் தீர்மானித்தன.

இவ்விரு ஸ்க்ரூக்களும் ஸ்க்ரூடிரைவருக்கு எட்டும் இடத்தில் இருந்ததே தொழிலின் பெருஞ்சோதனை எனலாம். ஏனெனில் வேக ஸ்க்ரூவை முழுவதும் தளர்த்திய பின்னும் எஞ்சின் இரைந்தால், கோளாறு அந்த ஸ்க்ரூவில் இல்லை. ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகியோ, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக் முழுதாகத் திரும்பாமலோ இருக்கலாம். இல்லையெனில் தகட்டைத் தாண்டி வேறெங்கோ காற்று நுழைகிறது, அதாவது 'ஏர் எடுக்கிறது'. பல்லாண்டு ஓடிய கார்ப்பரேட்டரில் த்ராட்டில் தகட்டைத் தாங்கும் தண்டு அதன் துளையைத் தேய்த்துவிட, அந்த இடைவெளி வழியே காற்று புகும்; நட்டை அளவுக்கு மீறி முறுக்கியதால் அடிப்பகுதி வளைந்து, இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் ஓரமாகவும் புகும். தேர்ந்த கைகள் எஞ்சின் ஓடும்போதே தண்டின் ஓரத்திலும் கேஸ்கெட் விளிம்பிலும் சில சொட்டு எண்ணெய் விட்டு, எந்த இடத்தில் இரைச்சல் சட்டென மாறுகிறது என்று காதால் கண்டறிந்தன. வளைந்த அடிப்பகுதியைத் தட்டையான கண்ணாடியில் அரைப்புப் பசையிட்டுத் தேய்த்துச் சமமாக்கின. தேய்ந்த துளைக்குப் பித்தளைப் புஷ் கடைந்து பொருத்தின. அரைகுறைத் தேர்ச்சியோ கசிவை அப்படியே விட்டு, கலவை ஸ்க்ரூவைத் திருகிப் பெட்ரோலைக் கூட்டி ஓட்டத்தைச் சீராக்கியது. இது பழுதுபார்ப்பன்று, பழுதை மூடிமறைத்தலே.

அவ்வாறு மறைத்ததை அளந்து காட்டும் நிலை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளால் வந்தது. அவற்றின் 115ஆம் விதி, நான்கு சக்கர பெட்ரோல் வண்டி ஐட்லிங்கில் வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு 3 சதவீதம் என வரம்பு கட்டியதும், காதை மட்டுமே நம்பிய தொழிலுக்குள் புகை அளக்கும் கருவி நுழைந்தது. பின்னர் 2000 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் இந்தியா 2000 மாசு வரம்பு நடைமுறைக்கு வந்தபோது, எம்.பி.எஃப்.ஐ. எனும் மின்னணு எரிபொருள் செலுத்து முறை விரைவாகப் பரவியது. ஐட்லிங் வேகத்தைத் தீர்மானிக்கும் வேலை மெக்கானிக்கின் காதிலிருந்து கணினிப் பெட்டிக்கு மாறியது.

பழைய கார்களைப் பேணுவோர் இன்றும் உள்ளனர். வண்டி இரையும்போது அவர்கள் முதலில் தேடவேண்டியது காற்று நுழையும் வழியையே, ஸ்க்ரூவை அன்று.