‘தூண்டினேன்’: ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

நித்திரையில் இருப்பவரை எழுப்புவது ஆங்கிலத்தில் ‘வேக்’. உள்ளுக்குள் உறங்கும் உணர்வை விழிக்கச் செய்வது ‘அவேக்கன்’. சோர்ந்து கிடப்போரைக் கிளர்ந்தெழச் செய்வது ‘ரவுஸ்’. சந்தேகத்தை, ஆர்வத்தை எழுப்புவது ‘அரவுஸ்’. நரம்பையோ பொருளாதாரத்தையோ முடுக்கிவிடுவது ‘ஸ்ரிமியூலேற்’. மாடு ஓட்டும் முட்கோலைக் குறித்த இலத்தீன் சொல்லே இதன் வேர். சீண்டிக் கோபமூட்டுவது ‘புறோவோக்’. வன்முறைக்கு ஏவிவிடுவது ‘இன்சைற்’.

தமிழில் இவற்றுட் பலவற்றுக்குத் ‘தூண்டுதல்’ என்ற ஒரு சொல்லே போதும். விளக்குத் திரியையும் தூண்டுகிறோம். ஆனால் வாக்குமூலமோ புகலிடக் கோரிக்கையோ ஆங்கிலத்துக்கு மாறும்போது இந்த வேறுபாடு பாரதூரமானது. இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தில், இன அல்லது மத வெறுப்பைப் பரப்பி வன்முறைக்குத் தூண்டுவது ‘இன்சைற்மன்ற்’ என்ற சொல்லாலேயே குறிக்கப்படுகிறது. தண்டனை 10 ஆண்டுகள் வரை கடூழியச் சிறை.

“நினைவேந்தலுக்கு வரும்படி அயலவரைத் தூண்டினேன்” என்று ஒருவர் சொன்னால், அதன் பொருள் ‘என்கறேஜ்’, அதாவது ஊக்கப்படுத்துவது. அது ‘இன்சைற்’ என்று எழுதப்பட்டால், அஞ்சலிக்கான அழைப்புக் குற்றத்தின் சாயலைப் பெற்றுவிடும். ஆகவே “வரச் சொன்னேன்” என்று செய்ததை மட்டும் சொல்லுங்கள். கையொப்பமிடுமுன், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள்.